தன்னம்பிக்கை மட்டும் போதுமா?

ஜோசஃப் சூடெக் என்ற பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். செக் நாட்டின் மிகப் பெரிய புகைப்படக் கலைஞர்களில் ஒருவர். 1896-ல் கொலின் என்ற ஊரில் பிறந்தார். ஆனால் அவர் முதலில் கற்றுக்கொண்ட தொழில் புக் பைண்டிங். போட்டோ எடுப்பது அப்போது வெறும் பொழுதுபோக்கு.

அன்றைக்கு செக் மக்கள் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கீழ் இருந்தார்கள். முதல் உலகப் போரில் அந்தப் பேரரசின் ராணுவத்துக்கு இவரையும் இழுத்துக்கொண்டு போனார்கள். இத்தாலியப் போர்முனைக்கும் கேமராவோடுதான் போனார். 1917-ல் அங்கே வலது கையில் குண்டுச் சிதறல் பாய்ந்தது. சுட்டது சொந்தப் பக்கத்துப் பீரங்கி என்கிறார்கள். புண் சீழ் பிடித்து, கையைத் தோளோடு எடுக்க வேண்டியதாயிற்று.

தாளை மடித்துத் தைத்து அட்டை போட இரண்டு கையும் வேண்டுமே! கற்ற தொழில் அதோடு போயிற்று. ஆபீஸ் வேலை தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டார். 1922-ல் பிராக் நகரில் அரசு கிராஃபிக் கலைப் பள்ளியில் சேர்ந்து போட்டோகிராபி படித்தார். பிறகு கனமான பெரிய மரக் கேமராக்களை ஒற்றைக் கையால் சமாளித்தே கடைசி வரை படம் எடுத்தார். ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் தெருவில் கேமராவோடு திரிவது ஆபத்து. 1940-ல் தன் ஸ்டூடியோ ஜன்னலையே எடுக்க ஆரம்பித்தார். பனி படிந்த அந்தக் கண்ணாடிப் படங்கள்தான் இன்று உலகப் புகழ் பெற்றவை. 1976-ல் மறைந்தார்.

"பார்த்தீர்களா, மனசு வைத்தால் எதுவும் முடியும்" என்று இந்தக் கதையை முடித்துவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை நண்பர்களே. சூடெக்குக்கு ஊனமுற்ற படைவீரர் பென்ஷன் கிடைத்தது. சோற்றுக்கு என்ன வழி என்று தவிக்காமல் புதுத் தொழில் கற்க அது கைகொடுத்தது. படிக்க ஒரு பள்ளியும் இடம் தந்தது.

1920-களில் அவர் பிராக்கில் உள்ள இன்வாலிடோவ்னா என்ற படைவீரர் இல்லத்துக்குப் போய், தன்னைப் போலவே போரில் ஊனமானவர்களைப் படம் எடுத்தார். அவர்களில் யாருக்கும் மன உறுதி இல்லை என்று நாம் சொல்ல முடியுமா?

சூடெக்கின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. கை இழந்த ஒருவரிடம் தன்னம்பிக்கை பற்றிப் பேசுவதற்கு முன், மாதாமாதம் அவர் கைக்கு என்ன வருகிறது, எந்தப் பள்ளி அவரைச் சேர்த்துக்கொள்ளும் என்று கேட்போம். அதற்குப் பதில் இல்லாமல் சொல்லும் அறிவுரை, சொல்பவருக்குத்தான் சுகம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?