பாக் வந்த வீடு

சென்னை அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டில் நான் வயலின் சொல்லித்தரும் மாடி அறைக்குக் கீழே ஒரு லேத் பட்டறை இருக்கிறது. காலை ஒன்பதுக்கு மேல் அதன் இரைச்சல் ஒரே சுருதியில் நிற்கும். வாசிக்கிற பிள்ளைகளுக்கு அது பழகிப்போய்விட்டது. போன மாதம் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி வயலின் தேர்வுக்காக மேற்கத்திய இசைமேதை பாக்கின் மூன்றாம் பார்ட்டிட்டாவின் தொடக்க இசையான பிரிலூடைப் பயின்றுகொண்டிருந்தாள். அவளுடைய தம்பி அதை அக்காவுக்குத் தெரியாமல் செல்போனில் பதிவுசெய்து, அடியில் டிரம்ஸும் பேஸ் கிதாரும் சேர்த்துக்கொண்டு வந்துவிட்டான். "சார், இவன் பாக்கைக் கெடுத்துட்டான், நீங்களே கேளுங்க" என்றாள். கேட்டேன். கெட்டுத்தான் இருந்தது. ஆனால், அவள் நினைத்த காரணத்தால் அல்ல.

டிரம்ஸ் சேர்த்ததுதான் குற்றம் என்றால் முதல் குற்றவாளி பாக். துணைக்கு ஒரு வாத்தியமும் இல்லாமல், ஒற்றை வயலினுக்காக அவர் எழுதிய அந்த பிரிலூடின் கையெழுத்துப் படியில் 1720 என்ற ஆண்டு இருக்கிறது. 138 தாளக்கட்டு, மூச்சுவிட இடமின்றி ஓடும் சுரங்கள். பதினொரு ஆண்டு கழித்து, 1731இல், லைப்சிக் நகரசபைப் பதவியேற்புக்கு ஒரு கன்டாட்டா (குரல்களும் வாத்தியங்களும் சேர்ந்த உருப்படி) தேவைப்பட்டபோது அதே பிரிலூடை அவர் எடுத்தார். சுருதியை ஒரு படி இறக்கி, வயலின் வரியை ஆர்கனுக்குக் கொடுத்து, சுற்றிலும் டிரம்பெட்டும் முரசும் நிறுத்திவிட்டார். பக்தி குறைந்ததாக அங்கே யாரும் அழவில்லை. அந்தக் கன்டாட்டாவுக்கு அட்டவணையில் எண் 29. பிரிலூடின் மேஜர் ஸ்கேலுக்கு நம் ஊர்ப் பெயரான சங்கராபரணமும் 29ஆவது மேளம். எண் ஜோதிடர்கள் மகிழட்டும்.

பையன் தவறிய இடம் வேறு. பிரிலூடில் கேட்பது ஒரே வரிதான் என்றாலும் அதற்குள் மெட்டு, அடிக்குரல், நடுக்குரல் எல்லாம் ஒளிந்திருக்கின்றன. தொடக்கத்திலேயே ஓர் இடம் வரும்: திறந்த தந்தி தம்பூரா போல ஒலித்துக்கொண்டே இருக்க, பக்கத்துத் தந்திகளில் விரல் நகர்ந்தபடி இருக்கும். அங்கே நிலைகொண்ட ஆதார சுரம் பிறகு நகர்ந்துவிடுகிறது. இசை மைனருக்குள் போய், சுற்றிவிட்டு வீடு திரும்புகிறது. பையனின் பேஸ் கிதாரோ நான்கு தாளக்கட்டு லூப்பாகத் தொடங்கிய இடத்திலேயே சுழன்றுகொண்டிருந்தது. ஊர்விட்டு ஊர் போகிறவனைத் திண்ணையில் உட்கார்ந்தபடி கூப்பிடுவது போல.

பாப் இசைக்காரர்கள் பாக்கெல்பெலின் கேனனை விடாமல் பிடித்திருப்பதும் இந்த லூப்புக்காகத்தான். அதன் அடிக்குரல் எட்டே சுரம். அது 28 முறை திரும்ப வருகிறது. லூப் போடும் வேலையை அவரே முடித்துவைத்துவிட்டார். அம்பத்தூர்ப் பக்கம் கல்யாண வரவேற்பில் கீபோர்டு வாசிக்கும் தம்பிகளுக்கு அது வரம். குறை சொல்லவில்லை; நானும் வாசித்து சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

ஜாஸ்காரர்கள் பாக்கிடம் போன வழி வேறு. 1959இல் பிரான்ஸில் ஷாக் லூசியே பியானோ, டபுள் பேஸ், டிரம்ஸ் மூன்றையும் வைத்துக்கொண்டு 'ப்ளே பாக்' தொடங்கினார். ஜாஸில் பேஸ் படிப்படியாக நடக்கும். பாக்கின் அடிக்குரலும் அப்படி நடப்பதுதான். இரண்டும் ஒரே தெருவில் சந்தித்தன. 1963இல் ஸ்விங்கிள் சிங்கர்ஸ் பாக்கின் சுரங்களைப் பெரிதாக மாற்றாமல் வாயாலேயே பாடினார்கள். கீழே பேஸும் டிரம்ஸும் மட்டும். 1968இல் வெண்டி கார்லோஸ் மூக் சிந்தசைசரில் ஒரு முழு ஆல்பம் செய்தார். அதன் முதல் உருப்படியே, முரசு சேர்த்த அந்த 29ஆம் கன்டாட்டாவின் முன்னிசைதான். தம்பியின் செல்போனுக்கு மூதாதை அந்த மூக்.

நம் பக்கம் பாக்குடனான பேச்சை இளையராஜா நடத்தினார். மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர். 1986இல் வெளிவந்த 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பித்தார். அதில் இரண்டு உருப்படிகளின் பெயரைச் சேர்த்துப் படித்தால் 'பாக்கை என் வீட்டில் சந்தித்தேன். நாங்கள் பேசினோம்' என்று வரும். அந்தச் சந்திப்பில் பாக்கின் வயலின் சுரங்கள் தம் போக்கில் ஓட, இளையராஜாவின் தந்திகள் தமக்கென்று ஒரு மெட்டைப் பேசுகின்றன. தனி வயலின் வி.எஸ். நரசிம்மன். வந்தவரைச் சோபாவில் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் உபசாரம் அல்ல அது. கூடத்தில் உட்கார்ந்து பேசி, இடையிடையே மறுத்தும் பேசுகிற உறவு. 1988இல் வெளிவந்த பாலுமகேந்திராவின் 'வீடு' படத்துக்குப் பின்னணி இசையாக அமைந்ததும் இந்த ஆல்பம்தான். பாக் அங்கேயும் வந்தார்.

இதற்கெல்லாம் முன்பே இந்த வட்டாரத்தில் மேற்கத்திய இசையோடு இப்படியொரு பேச்சு நடந்திருக்கிறது. மேனாம்பேட்டுக்கு வடகிழக்கே மணலி. அங்கே முதலியார் குடும்பத்தின் ஆதரவில் தங்கியிருந்த முத்துசுவாமி தீட்சிதர், சென்னைக் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் பேண்டு வாசிப்பைக் கேட்டார். அந்த மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாகித்தியம் எழுதினார். அவையே நோட்டுஸ்வரங்கள். இங்கிலாந்தின் தேசிய கீத மெட்டுகூட அவற்றில் உண்டு. அவருடைய தம்பி பாலுசுவாமி ஐரோப்பிய ஆசிரியரிடம் வயலின் கற்று அதைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். இங்கேயும் ஒரு தம்பி.

என் குறை தேர்வுகளைப் பற்றியது. தாளில் இருப்பதைப் பிசகாமல் வாசித்தால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. அடியில் இன்னொரு வரி எழுதிப் பார் என்று எந்தப் பாடத்திட்டமும் என் பிள்ளைகளிடம் கேட்டதில்லை. எழுதிப் பார்க்காதவளுக்கு பிரிலூட் விரல் பயிற்சி; எழுதத் தெரியாதவனுக்கு அது லூப்புக்கு மேல் ஒட்டும் ஜிகினா. அக்காவும் தம்பியும் ஒரே நோயின் இரண்டு முகங்கள்.

அதனால் தம்பிக்கு ஒரு வேலை கொடுத்தேன். செல்போன் வேண்டாம், தாளும் பென்சிலும் போதும். முதல் எட்டுத் தாளக்கட்டுக்கு மட்டும் அடிக்குரல் எழுதிக்கொண்டு வா என்றேன். மறுவாரம் கொண்டுவந்தான். அக்கா வாசிக்க, அவன் கீபோர்டில் இடது கையால் தொடர்ந்தான். ஆறாவது கட்டில் அவள் வில்லை நிறுத்தினாள். ஒன்றும் சொல்லாமல் அவன் கையிலிருந்த பென்சிலை வாங்கி, ஒரு சுரத்தை அழித்து, ஒரு கோடு கீழே இறக்கி எழுதிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

(கட்டுரையாளர், மேனாம்பேட்டில் வயலின் ஆசிரியர்)