பாகம் பார்த்து வாங்குதல்

முன்னாளிற் பெண்ணுக்கு நகை செய்விக்க விரும்பிய குடும்பத்தார் பத்தரை வீட்டுக்கு அழைத்துத் திண்ணையில் இருத்தி, பவுன் இவ்வளவு, கல் இவ்வளவு, கூலி இவ்வளவு என்று பேசித் தீர்த்த பின்னரே பொன்னைக் கையிற் கொடுத்தனர். கண்ணாடிப் பெட்டியில் மின்னுவதைக் கண்டு அப்படியே வாங்கிவரும் வழக்கம் பிற்காலத்தது. இன்று அப்பழைய முறைக்கு மீண்டும் தேவை ஏற்பட்டிருக்கிறது. ஆயின் இப்போது செய்விக்கும் பொருள் நகையன்று, கணனி.

வாசகர் ஒருவர் பின்வருமாறு வினவியுள்ளார்: “மகன் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டான். விளையாடுவதற்கும், வீட்டார் எல்லோரும் கூடியிருந்து படம் பார்ப்பதற்கும் ஒரே கணனி போதும் என்கிறான். பாகங்களைத் தனித்தனியே தெரிந்து வாங்கிப் பூட்டுவிக்க வேண்டுமாம். கடைக்காரரோ ஆயத்தமாக இருப்பதை எடுத்துச் செல்லுங்கள் என்கிறார். சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. அது மறுபடியும் இலேசில் வராது. யார் சொல்லைக் கேட்பது?”

கேள்வி சிறிதன்று. ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு அதிலே தங்கியிருக்கிறது. எனவே இவ்வாரம் அதனையே ஆராய்வோம்.

முதலிற் சொல்லவேண்டியது, மகனின் பக்கத்தில் நியாயம் உண்டு என்பதாகும். 1981ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணனியின் வழிவந்தவையே இன்று நாம் மேசைக் கணனி என்று வழங்குபவை. பல நிறுவனங்கள் செய்யும் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துமாறு அளவுகள் பொதுவாக்கப்பட்டன. 1995இல் இன்ரெல் நிறுவனம் வகுத்த ஏ.ரி.எக்ஸ். என்னும் அளவுமுறை இன்றுவரை வழக்கில் உள்ளது. ஆகவே ஒரு பாகம் பழுதுற்றால் அதனை மாத்திரம் மாற்றலாம். பணம் வரும்போது ஒரு பாகத்தை மாத்திரம் உயர்த்தலாம். ஆயத்தமாக விற்கப்படும் கணனிகளுள்ளும் நல்லவை இருக்கின்றன. ஆனால் உள்ளே இருப்பது யாதென்று எழுத்திற் கேட்டுப் பெறாமல், வெளியிலே பல வண்ண விளக்குகள் எரிவதைக் கண்டு வாங்குவது அறிவுடைமையாகாது.

தெரிவைத் தொடங்கவேண்டிய இடம் எது? பெரும்பாலோர் செயலியிலிருந்து தொடங்குவர். நான் திரையிலிருந்து தொடங்குமாறு சொல்வேன். காரணம் எளிது. முழு எச்.டி. எனப்படும் திரையிலே குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் உள்ளன. மொத்தம் ஏறக்குறைய 20 இலட்சம். 4கே எனப்படும் திரையிலே 3840க்கு 2160. ஏறக்குறைய 83 இலட்சம். சரியாக நான்கு மடங்கு. படம் பார்க்கும்போது இவ்வேறுபாடு கணனிக்குப் பாரமாகாது. ஏனெனில், முன்னரே செய்துவைத்த படத்தை விரித்துக் காட்டுவதற்கென்றே இக்காலச் செயலிகளிலும் அட்டைகளிலும் தனிச் சுற்று அமைந்திருக்கிறது. விளையாட்டிலோ ஒவ்வொரு காட்சியையும் அக்கணத்திலேயே வரைந்தாக வேண்டும். அதுவும் செக்கனுக்கு 60 தடவை. நான்கு மடங்கு புள்ளி என்றால் ஏறத்தாழ நான்கு மடங்கு உழைப்பு. அவ்வுழைப்புக்கு விலை உண்டு.

இங்கே நடுத்தரக் குடும்பத்துக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. மண்டபத்தில் உள்ள 4கே தொலைக்காட்சியிலே படத்தை முழு நுட்பத்துடன் பார்க்கலாம். விளையாட்டை மாத்திரம் 1080 அளவில் ஆடலாம். 4கே திரையின் நான்கு புள்ளிகள் சேர்ந்து ஒரு புள்ளியாக நிற்பதனால் அளவு சரியாகப் பொருந்தும். சற்று எட்டக் கதிரை போட்டு இருப்பவருக்கு அது பெருங் குறையாகத் தோன்றாது. இந்த ஒரு முடிவை எடுத்துவிட்டால் மிகுந்த விலையுள்ள வரைகலை அட்டைக்குத் தேவை இல்லாமற் போகும்.

அவ்வட்டையைப் பற்றி இனிக் காண்போம். விளையாட்டுக் கணனியின் விலையிற் பெரும்பங்கு அதற்கே செல்லும், செல்லவும் வேண்டும். ஆனால் எதற்கும் எல்லை உண்டு. என்விடியா நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆர்.ரி.எக்ஸ். 4060 என்னும் அட்டைக்கு 115 வாற்று மின் போதும். அதே நிறுவனம் 2025இல் வெளியிட்ட 5090 என்பதற்கு 575 வாற்று வேண்டும். முன்னையது வீட்டுக்கு வாங்கும் உந்துருளி. பின்னையது பந்தயக் கார். வீதி ஒன்றே என்றால் பந்தயக் காரை வாங்கி என்ன பயன்?

பணம் மிகவும் இறுக்கமாயின் வேறொரு வழியும் உண்டு. சில செயலிகளில் வரைகலைப் பகுதி உள்ளேயே அடங்கியிருக்கிறது. ஏ.எம்.டி. நிறுவனம் 2024இல் வெளியிட்ட றைசன் 8600ஜி, 8700ஜி என்பன இத்தகையன. படம் பார்க்க இவை தாராளமாகப் போதும். பல விளையாட்டுகளை அளவோடு ஆடலாம். அட்டையை அடுத்த வருடம் வாங்கிப் பூட்டலாம். இதற்கு மாறாக, இன்ரெல் செயலியின் பெயர் இறுதியிலே ‘எஃப்’ என்னும் எழுத்து நின்றால் அதிலே வரைகலைப் பகுதி இயங்காது. அட்டை வாங்காமல் அதனை மாத்திரம் வாங்கியவர் வெறுந் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க நேரிடும்.

செயலியையும் தாய்ப்பலகையையும் கணவன் மனைவியாகக் கொள்ளலாம். பொருத்தம் பார்த்தே சேர்க்கவேண்டும். செயலி அமரும் பீடத்தின் பெயரை முதலில் அறிதல் வேண்டும். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 பீடத்தை 2017இல் வாங்கியவர் பலர், பலகையை மாற்றாமலே 2022இல் வந்த செயலியை அதிற் பொருத்திக்கொண்டனர். 2022இன் இறுதிப் பகுதியில் ஏ.எம்.5 வந்தது. புதிதாகச் செய்விப்போருக்கு ஏ.எம்.5 மேலும் சில காலம் கைகொடுக்கும், ஏ.எம்.4 மலிவாகக் கிடைக்குமாயினும் அதன் வளர்ச்சி பெரும்பாலும் முடிந்துவிட்டது. நினைவகமும் இதனோடு கட்டுண்டது. ஏ.எம்.4 டி.டி.ஆர்.4 என்ற வகையையும், ஏ.எம்.5 டி.டி.ஆர்.5 என்ற வகையையும் ஏற்கும். ஒன்றின் வெட்டு மற்றதின் துளையிற் பொருந்தாது.

நினைவகம், கடைவழக்கிலே றாம், 16 கிகாபைற் இருத்தல் நன்று. அதனை ஒரே துண்டாக வாங்காது எட்டெட்டாக இரண்டு துண்டு வாங்குக. இரண்டு மாடு பூட்டிய வண்டிபோல இரு வழியாலும் தரவு ஓடும். வரைகலைப் பகுதி உள்ளே அடங்கிய செயலியை வாங்குவோர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். அதற்கெனத் தனி நினைவகம் இல்லாமையால் இதனையே அது பங்கு போட்டுக்கொள்கிறது. 2025இன் கடைசி மாதங்களிலே, செயற்கை நுண்ணறிவுக்கான பெரு நிலையங்கள் நினைவகத்தை வாரி வாங்கியமையால் உலகெங்கும் அதன் விலை ஏறிற்று. எனவே பழைய விலைப்பட்டியலை நம்பிக் கணக்குப் போடுதல் ஆகாது. சேமிப்புக்கு எஸ்.எஸ்.டி. ஒன்று கட்டாயம் வேண்டும். சாற்றா வகை செக்கனுக்கு ஏறக்குறைய 550 மெகாபைற் படிக்கும், என்.வி.எம்.ஈ. வகை 3500, 7000 என்று படிக்கும். இவ்விரண்டாம் வகையுள் நடுத்தரமானதே வீட்டுக்குப் போதும். கூடிய வேகத்துக்குக் கொடுக்கும் பணத்தைக் கூடிய கொள்ளளவுக்குக் கொடுப்பது மேல்.

இனி, எல்லோரும் கைவிடும் பாகத்துக்கு வருவோம். அதுதான் மின்வழங்கி. யானை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசினான் என்பார்கள். ஆயிரக்கணக்கில் எண்ணி எண்ணி அட்டையை வாங்கியவர், ‘பவர் சப்ளை எதுவாயினும் சரி’ என்று கேசிங்குடன் இலவசமாக வரும் பெட்டியைப் பூட்டிவிடுவதுண்டு. அட்டை கெட்டால் அட்டை ஒன்றே கெடும். மலிவான மின்வழங்கி கெடும்போது பலகையையும் அட்டையையும் சேமிப்பையும் சேர்த்துக்கொண்டு போகவுங்கூடும். முன்சொன்ன 115 வாற்று அட்டையும், நடுத்தரச் செயலியும், ஏனையவும் சேர்ந்து 300 வாற்றைத் தாண்டா. ஆகவே 550 வாற்று உடைய நல்ல மின்வழங்கி தாராளம். பெட்டியில் 750 என்று அச்சிட்ட பெயரறியாத ஒன்றிலும் இதுவே பெறுமதி மிக்கது. ‘80 பிளஸ்’ என்ற முத்திரை மின் வீண்போகாமையைக் காட்டுவது. காப்புச் சுற்றுகள் சரியாக உள்ளன என்பதற்கு அது சான்றாகாது. அவற்றைத் தனியே விசாரித்தல் வேண்டும்.

நம் நாட்டில் இது வெறும் நுணுக்கம் அன்று. 2022 மார்ச் இறுதியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை யாரும் மறந்திரார். 2025 பெப்ரவரி 9ஆந் தேதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்தமையால் நாடு முழுவதும் இருண்டது. மின் போவது ஒரு தீமை. திரும்ப வரும்போது ஏறி இறங்கும் அழுத்தம் அதனினும் பெருந் தீமை. ஆதலால் யு.பி.எஸ். ஒன்றுக்கும் பணம் ஒதுக்குக. 600 வி.ஏ. என்று விற்கப்படுவது பெரும்பாலும் 360 வாற்றே தாங்கும். விளையாட்டுக் கணனியும் பெரிய தொலைக்காட்சியுமாக இரண்டையும் அதிலே மாட்டலாகாது. 1000 வி.ஏ. அளவிலே ஒன்று நன்று. அது தொடர்ந்து விளையாடுவதற்கன்று. செய்ததைச் சேமித்து ஒழுங்காக நிறுத்துவதற்கு. வட்டமுனைச் செருகியும் சதுரமுனைச் செருகியும் கலந்து கிடக்கும் வீடுகளிலே, மலிவான மாற்றிகளில் மாட்டும்போது புவித்தொடுப்பு அறுந்துபோவது உண்டு. மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு அதனைப் பார்ப்பித்த பின்னரே கணனியை இயக்குக. இதிற் காசு பார்த்தல் உயிருக்கே தீங்காகும்.

மின்கட்டணத்தையும் தாயார் கேட்பார், கேட்கவேண்டும். 300 வாற்று வீதம் நாளுக்கு மூன்று மணித்தியாலம் விளையாடினால் முப்பது நாளில் 27 அலகு ஆகும். அலகு கூடக்கூட அலகொன்றின் விலையும் ஏறும் நாட்டில் இது கவனத்துக்குரியது. படம் பார்க்கும்போது இதன் ஒரு பகுதியே செல்லும்.

கேசிங்கைத் தெரியும்போது அழகினும் காற்றோட்டத்தைப் பார்க்க. முன்புறம் முழுக் கண்ணாடியாக இருப்பதிலும் வலைபோட்டுத் தூசி தடுக்கும் வடி வைத்ததே நம் வெப்பத்துக்கு ஏற்றது. மண்டபத்திலே வைத்துப் படம் பார்ப்பதாயின் ஓசையும் முக்கியம். பெரிய விசிறி மெல்லச் சுழன்றும் போதிய காற்றைத் தள்ளும். சிறிய விசிறி விரைந்து சுழன்று இரையும். துக்கக் காட்சியிலே பக்கத்தில் மாவரைக்கும் இயந்திரம் ஓடுவது போன்ற ஒலி கேட்டால் வீட்டார் அக்கணனியை இரண்டாம் நாளே அறைக்குள் தள்ளிவிடுவர்.

பழைய கணனிகள் மலிவாகக் கிடைக்கின்றனவே என்று சிலர் எண்ணலாம். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்ரோபர் 14ஆந் தேதியுடன் வழமையாக வருவது நின்றது. விண்டோஸ் 11 பல பழைய கணனிகளை ஏற்பதில்லை. வாங்குமுன் இதனை விசாரித்தல் வேண்டும். லினக்ஸ் இலவசம், அதிலே விளையாட்டுகள் பல ஓடும், இணையவழிப் போட்டி விளையாட்டுகள் சில ஓடா.

இவ்வளவும் சொன்ன பின், யார் சொல்லைக் கேட்பது என்ற வினாவுக்கு வருவோம். அன்பரே, மகனிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் நேரே பெயர், விலை, ஏன் அது, அதற்குக் குறைந்ததை வாங்கினால் என்ன இழப்பு, உத்தரவாதம் எத்தனை வருடம் என்று ஐந்து நிரலில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு மூன்று கடைகளிலே விலை கேட்டு வரச் சொல்லுங்கள். பின்னர் இரவுச் சாப்பாட்டின் பின் வீட்டார் எல்லோரும் இருந்து அதனை வாசியுங்கள். ஏன் என்ற நிரல் நிரம்பியிருக்கும் இடத்தில் அவனுக்கு விட்டுக்கொடுங்கள். அது வெறுமையாக இருக்கும் இடத்தில் மாத்திரம் கேள்வி கேளுங்கள். ‘நண்பனும் வாங்கினான்’ என்பது காரணம் ஆகாதென்பதை அவனே எழுதும்போது உணர்வான்.

பரீட்சை எழுதி முடித்த பிள்ளைக்கு, பெறுபேறு வரும்வரை இதனினும் நல்ல பாடம் ஒன்றை நான் அறியேன். குடும்பத்தின் காசை நம்பி அவன் கையிற் கொடுப்பது அவனை வளர்ந்தவனாக மதிப்பதாகும். கணனி பூட்டி முடிந்ததும் பற்றுச்சீட்டுகளையும் உத்தரவாதத் தாள்களையும் ஓர் உறையிலிட்டு, வீட்டு உறுதிகள் இருக்கும் அலுமாரியில் வையுங்கள். பெட்டிகளையும் ஒரு வருடமாயினும் எறியாதிருங்கள்; திருத்தக் கொண்டுசெல்லும் நாளிலே அவை உதவும்.