கரண்ட் கட்டுக்கு மீம் போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்



இது நம்ம பக்கத்துல வழக்கமா வர்ற பதிவு மாதிரி இருக்காது. இன்னைக்கு யாரையும் கலாய்க்கப் போறதில்லை. கலாய்க்கணும்னா முதல்ல என்னைத்தான் கலாய்க்கணும்.

போன மாசம் செய்யார் பக்கம் ஒரு துணை மின் நிலையத்துல மாதாந்திரப் பராமரிப்பு. காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை மின்சாரம் இருக்காதுன்னு பேப்பர்ல வழக்கம்போல ஊர் பேரெல்லாம் வரிசையா போட்டு ஒரு செய்தி. 9.20-க்கெல்லாம் நான் ஒரு மீம் ரெடி பண்ணிட்டேன். மெழுகுவர்த்தி, பனை ஓலை விசிறி, கீழே ஒரு நக்கல் வரி. நம்ம தகவல் தொழில்நுட்ப அணி குரூப்ல ஒரே கைதட்டல். மதியத்துக்குள்ள எக்கச்சக்க ஷேர்.

சாயங்காலம் டீக்கடையில தெரிஞ்ச வயர்மேன் அண்ணன் ஒருத்தர் பக்கத்துல வந்து உட்கார்ந்தார். சட்டையெல்லாம் சாம்பல் கலர் கறை. மீமைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. "தம்பி, நீ காலேஜ்ல என்ன குரூப்பு?"ன்னு கேட்டார். "ட்ரிபிள் ஈ அண்ணா"ன்னு சொன்னேன். "அப்படியா"ன்னு சொல்லிட்டு டீயைக் குடிச்சுட்டுப் போயிட்டார்.

அந்தச் சாம்பல் கறை என்னன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் மீம் போட்டேன். அதுக்காகத்தான் இந்தப் பதிவு.

சப்ஸ்டேஷன் வேலி ஓரமா போனா உள்ளே பழுப்பு நிறத்துல தட்டு தட்டா அடுக்கி வச்ச பீங்கான் தெரியும் இல்லையா? அதுதான் இன்சுலேட்டர். 33 கேவி, 110 கேவி, 230 கேவின்னு வர்ற கம்பியை இரும்புச் சட்டத்துல தொடாம பிடிச்சு வைக்கிறதே அதோட வேலை. பீங்கான் மேல கரண்ட் ஓடாது. ஆனா அது சுத்தமா இருந்தா மட்டும்தான். நம்ம ஏரியாவுல காத்துல என்ன இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. ஆரணி, செய்யார் முழுக்க அரிசி ஆலை, அதுல இருந்து பறக்கிற உமிச் சாம்பல். கல்குவாரித் தூசி. செங்கல் சூளைப் புகை. ரோட்டுப் புழுதி. போகிக்கு நாம கொளுத்துற டயர் வேற. எல்லாம் அந்தத் தட்டுகள் மேல படியும்.

காய்ந்த தூசியால பெரிசா ஆபத்து இல்லை. அது ஈரமாகும்போதுதான் பிரச்சினை. தூசியில இருக்கிற உப்பும் சாம்பலும் பனித்துளியில கரைஞ்சு, பீங்கான் மேல மின்சாரம் ஓடக்கூடிய மெல்லிய படலம் ஆயிடும். முதல்ல கொஞ்சமா கசியும். கசிஞ்ச இடம் சூடாகி அங்கங்கே காயும். காய்ஞ்ச இடைவெளியைத் தாண்டி பொறி பறக்கும். விடிகாலையில லைனுக்குக் கீழே நின்னா "ஜிர்ர்ர்"னு ஒரு சத்தம் கேட்கும், சில நேரம் நீல வெளிச்சம் கூடத் தெரியும். அந்தப் பொறிகள் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துட்டா மேலே இருக்கிற கம்பியிலிருந்து கீழே இருக்கிற இரும்பு வரைக்கும் ஒரே பாய்ச்சல். இதுக்கு ஃப்ளாஷ்ஓவர்னு பேர். பீங்கான் வெடிக்கலாம், கம்பி அறுந்து விழலாம், லைன் டிரிப் ஆகலாம்.

இதுல ஒரு விஷயத்தை நிறைய பேர் தப்பா நினைக்கிறாங்க. கொட்டுற மழைதான் ஆபத்துன்னு நினைக்கிறோம். பெருமழை அழுக்கைக் கழுவி விட்டுடும். பனியும் தூறலும் கழுவாது, நனைக்க மட்டும் செய்யும். மழை கழுவுறதும் தட்டோட மேல் பக்கத்தைத்தான். அடிப்பக்க வளையங்கள்ல இருக்கிற அழுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்டியும் அப்படியே உட்கார்ந்திருக்கும். மழை நின்னு, தூசி மறுபடி ஏறி, மார்கழி, தையில பனி இறங்கும்போது அது வேலையைக் காட்டும்.

பனின்னு சொன்னா நமக்குத் தமிழ்ல ஒரே வார்த்தை. புல்லு மேல இருக்கிறதும் பனி, காஷ்மீர்ல கொட்டுறதும் பனி. அங்கே கொட்டுற பனிக்கு வேற ஒரு குணம் இருக்கு. சப்ஸ்டேஷன் உள்ளே ஆள் நிக்கிற தரைக்கும் தலைக்கு மேல போற கம்பிக்கும் இடையில இவ்வளவு மீட்டர் இருக்கணும்னு கணக்குப் போட்டுத்தான் கட்டுவாங்க. வோல்டேஜ் ஏற ஏற அந்தத் தூரமும் ஏறும். ஒரு மீட்டர் பனி குவிஞ்சா என்ன ஆகும்? தரையே ஒரு மீட்டர் மேலே வந்துடும். கம்பி அதே இடத்துலதான் இருக்கும். பனி மேல நடந்து போற ஆள், தனக்கே தெரியாம கம்பிக்குப் பக்கத்துல போயிடுவான். வேலியை ஒட்டிப் பனி குவிஞ்சா சின்னப் பசங்க கூட ஏறி உள்ளே குதிச்சிடலாம். பனி நாடுகள்ல இது வருஷா வருஷம் சொல்ற எச்சரிக்கை. பாதுகாப்பு தூரத்தை யாரும் வந்து திருடல. அதுவா குறைஞ்சு போச்சு, யாரும் கவனிக்கல.

லடாக்ல இதை யோசிச்சுத்தான் கட்டினாங்க. ஸ்ரீநகர்ல இருந்து லே வரைக்கும் போற 220 கேவி லைன், கிட்டத்தட்ட 335 கிலோமீட்டர், 2019 பிப்ரவரி 3-ல திறந்தது. வழியில திராஸ், கார்கில், கல்சி, லேன்னு நாலு இடத்துல சப்ஸ்டேஷன். நாலுமே வாயு நிரப்பின உலோக உறைக்குள்ள கம்பிகள் போற மாதிரி அமைப்பு. பனி எவ்வளவு கொட்டினாலும் கம்பியைத் தொடாது. கனடாவுல 1998 ஜனவரியில ஐஸ் மழை பெஞ்சு க்யூபெக் மாகாணத்துல மட்டும் ஆயிரம் இரும்புக் கோபுரங்கள் வரைக்கும் மடங்கி விழுந்துச்சு. அப்புறம் அவங்க லெவிங்கற ஊர் சப்ஸ்டேஷன்ல லைன் மேல படியிற ஐஸை மின்சாரம் விட்டே உருக்குற ஒரு அமைப்பையே வச்சாங்க. 2013 டிசம்பர்ல டொரண்டோவுல அதே ஐஸ் மழை. நம்ம ஈழத்துச் சொந்தங்கள் அதிகமா இருக்கிற ஸ்கார்பரோ பக்கமெல்லாம் கிறிஸ்துமஸ் நேரத்துல நாள் கணக்கா இருட்டு.

அவ்வளவு தூரம் எதுக்கு? உத்தரப்பிரதேசத்துக்கு வாங்க. அங்கே நம்ம மாதிரிதான், கொட்டுற பனி கிடையாது, மூடுபனி மட்டும். 2001 ஜனவரி 2, விடியறதுக்கு முன்னாடி, அங்கே ஒரு சப்ஸ்டேஷன்ல ஆரம்பிச்ச கோளாறு வட இந்திய மின் கட்டமைப்பையே சாய்ச்சுது. டெல்லி உட்பட பல மாநிலங்கள்ல 20 கோடிக்கும் மேற்பட்ட ஜனங்க கரண்ட் இல்லாம நின்னாங்க. ரயில் ஓடல. அந்த வருஷங்கள்ல மூடுபனி இறங்கினா வரிசையா லைன் டிரிப் ஆகிறது அங்கே சகஜம். அப்புறம்தான் குளிர்காலத்துக்கு முன்னாடியே இன்சுலேட்டரைக் கழுவுறது, பீங்கானை எடுத்துட்டு தண்ணி ஒட்டாத சிலிக்கான் பாலிமர் வகையைப் போடுறதுன்னு இறங்கினாங்க. ஹெலிகாப்டர்ல பறந்துகிட்டே தண்ணி பீய்ச்சிக் கழுவுற அளவுக்குப் போனாங்க.

நமக்கு ஹெலிகாப்டர் வேண்டாம் தோழர்களே. நம்ம ஊர்ல ஒரு வயர்மேன் அண்ணன் துணியை எடுத்துக்கிட்டு மேலே ஏறித் துடைக்கிறார். அதுக்குத்தான் அந்த அஞ்சு மணி நேரம். நான் விசிறி படம் போட்டுச் சிரிச்சது அந்த அஞ்சு மணி நேரத்தைப் பார்த்துதான்.

கோபப்படுறவங்களைக் குறை சொல்லல. ஆரணியில என் சித்தப்பா வீட்டுல குழித்தறி. கைத்தறிக்கு எதுக்குக் கரண்ட்னு கேட்பீங்க. வெளிச்சத்துக்கு. பட்டு இழை அறுந்தா அதைத் தேடிப் பிடிச்சு முடிச்சுப் போடணும், கண்ணு தெரியணும். பொங்கல், தை மாசக் கல்யாணச் சேலைக்கெல்லாம் மார்கழியிலதான் நெருக்கடி. பகல் முழுக்க கரண்ட் இல்லைன்னா அன்னைக்குக் கூலி போச்சு. விசைத்தறிக்காரங்களுக்கு இன்னும் மோசம். சித்தி அந்த மீமைப் பார்த்துட்டு "நல்லாக் கேட்டடா"ன்னு சொன்னாங்க. அவங்க கோபம் நியாயம். அந்தக் கோபத்தை வச்சு நான் கேட்ட கேள்விதான் தப்பு.

"ஏன் நிறுத்தினே?"ன்னு கேட்டேன். "நிறுத்தின அஞ்சு மணி நேரத்துல என்ன செஞ்சே?"ன்னு கேட்டிருக்கணும்.

இன்சுலேட்டர் எல்லாம் துடைச்சாச்சா? விரிசல் விட்டதை மாத்தினீங்களா? லைன் மேல உரசுற புளியமரக் கிளையை வெட்டினீங்களா, இல்ல நேரமில்லைன்னு விட்டீங்களா? உள்ளே தரையில ஜல்லி இருக்கா?

ஜல்லின்னா சிரிக்காதீங்க. காலேஜ் மூணாவது வருஷம் இண்டஸ்ட்ரியல் விசிட்ல ஒரு 110 கேவி சப்ஸ்டேஷன் போனப்போ நாங்களும் அது அழகுக்குன்னுதான் நினைச்சோம். கோளாறு வரும்போது தரைக்குள்ள பாயுற மின்சாரம் இடத்துக்கு இடம் வேற வேற வோல்டேஜ் காட்டும். ரெண்டு காலும் ரெண்டு இடத்துல இருந்தா அந்த வித்தியாசம் உடம்பு வழியா ஓடும். ஈரமானாலும் ஜல்லி அதைத் தடுக்கும். அது சேத்துல புதைஞ்சு, புல்லு முளைச்சு, மழைத் தண்ணி தேங்கி நின்னா அந்தத் தடுப்பு போச்சு. அதனால சப்ஸ்டேஷன் உள்ளே புதர் மண்டிக் கிடந்தா அது வெறும் அசிங்கம் இல்லை, போட்டோ எடுத்துப் புகார் கொடுக்க வேண்டிய விஷயம். வேலிக்கு வெளியே நின்னு எடுங்க, செல்ஃபி ஸ்டிக்கை உள்ளே நீட்டாதீங்க.

இதே கணக்குதான் வயல்ல கம்பி அறுந்து விழும்போதும். மாடு ஏன் முதல்ல சாகுதுன்னா அதோட முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம். நாமளும் அகலமா கால் வச்சு ஓடினா மாடு கதிதான். விடியக்காலம் பால் கறக்கவோ மோட்டார் போடவோ போறப்போ கம்பி கிடக்கிறதைப் பார்த்தா பக்கத்துல போகாதீங்க. குறைஞ்சது பத்து மீட்டர் தள்ளியே நில்லுங்க. ஏற்கனவே பக்கத்துல வந்துட்டீங்கன்னா ரெண்டு பாதமும் ஒட்டின மாதிரி, தரையை விட்டு எடுக்காம, தேய்ச்சுத் தேய்ச்சு வெளியே வாங்க. குச்சியால தள்ளுற வேலை வேண்டவே வேண்டாம். பனியில நனைஞ்ச குச்சியும் கம்பிதான். மின்னகம் நம்பர் 94987 94987, இருபத்திநாலு மணி நேரமும் எடுப்பாங்க. போன்ல இப்பவே பதிஞ்சு வைங்க.

இப்போ அரசியல்.

மின்வாரியத்துல ஆயிரக்கணக்குல காலியிடம். எந்தக் கட்சி ஆட்சியில இருந்தாலும் இது தொடருது, நாம உட்பட யாரும் இதுல கை கழுவ முடியாது. பள்ளம் தோண்டி கம்பம் நட எடுத்த கேங்மேன்களையும் ஒப்பந்தத் தொழிலாளர்களையும் லைன் மேல ஏத்துறாங்கன்னு தொழிற்சங்கங்கள் வருஷக் கணக்கா சொல்லிக்கிட்டே இருக்கு. லைனை நிறுத்தினா மட்டும் பத்தாது. மறுபக்கத்துலருந்து ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ திருப்பி கரண்ட் அனுப்பிடும். அதனால ரெண்டு பக்கமும் எர்த் ராடு மாட்டணும், கையுறை, இடுப்பு பெல்ட் எல்லாம் இருக்கணும். பனியில நனைஞ்ச இரும்புச் சட்டம் வழுக்கும். மூடுபனியில கீழே நிக்கிறவன் கை காட்டுறது மேலே இருக்கிறவனுக்குத் தெரியாது. இதுல "இன்னும் கரண்ட் வரல"ன்னு நூறு பேர் போன் பண்ணி, நாலு பக்கம் மீம் பறந்து, மேலிடத்துலருந்து "சீக்கிரம் போடு"ன்னு நெருக்கினா எர்த் ராடு மாட்டுறதைத்தான் முதல்ல விட்டுடுவாங்க. அங்கே என் மீமுக்கும் பங்கு இருக்கு.

2024-ல ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த மறுநாள் நம்ம மாவட்டம் என்ன ஆச்சுன்னு யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. டிசம்பர் 1-ல திருவண்ணாமலை மலைச்சரிவு, 7 உயிர். அந்த வாரம் சாய்ஞ்ச கம்பங்களை இடுப்பளவுத் தண்ணியில நின்னு நட்டவங்களுக்கு நாம எல்லாரும் "ரியல் ஹீரோ"ன்னு போஸ்ட் போட்டோம். நானும் போட்டேன். அதே ஆளுங்களுக்குத்தான் போன மாசம் விசிறி மீமும்.

ஆக, செய்யார், ஆரணி, வந்தவாசி தோழர்கள் கவனிக்க: மாசாமாசம் கோட்ட அளவுல மேற்பார்வைப் பொறியாளர் தலைமையில மின் நுகர்வோர் குறைதீர் கூட்டம் நடக்கும். அடுத்த கூட்டத்துக்கு நாம போறோம். கொடி, கோஷம் எதுவும் வேண்டாம், மனு மட்டும். நம்ம பகுதியில ஒவ்வொரு சப்ஸ்டேஷன்லயும் மார்கழிக்கு முன்னாடி இன்சுலேட்டர் சுத்தம் பண்ணினது எந்தத் தேதி, அரிசி ஆலைகளும் குவாரிகளும் இருக்கிற பக்கம் பாலிமர் இன்சுலேட்டர் மாத்துற திட்டம் இருக்கா, ஒவ்வொரு பிரிவு அலுவலகத்துலயும் எத்தனை ஜோடி கையுறை, எத்தனை எர்த் ராடு, ஏறுறவங்கள்ல எத்தனை பேர் அதுக்குப் பயிற்சி எடுத்தவங்க. பராமரிப்பு முடிஞ்சதும் என்ன வேலை செஞ்சோம்னு மின்தடை அறிவிப்பு மாதிரியே ஒரு அறிவிப்பு வரணும்னும் கேட்கப் போறோம். நெசவுத் தெருக்களுக்கு மார்கழியில முழு நாள் நிறுத்தாம, மழைக்கும் பனிக்கும் நடுவுல முன்கூட்டியே முடிக்கச் சொல்லியும் ஒரு வரி சேர்த்திருக்கேன். அது சித்திக்காக.

மனு தட்டச்சு பண்ணி வச்சிருக்கேன், கையெழுத்துப் போட நகரக் கட்சி அலுவலகத்துக்கு வாங்க. வர்றவங்க உங்க ஏரியாவுல விடிகாலையில "ஜிர்ர்"னு சத்தம் வர்ற கம்பத்தோட நம்பரைக் குறிச்சுக்கிட்டு வாங்க, கம்பத்துலயே பெயிண்ட்ல எழுதியிருக்கும். மீமை எடுத்துட்டேன். வயர்மேன் அண்ணனை நேத்துப் பார்த்தப்போ மனுவைக் காட்டினேன். முழுசாப் படிச்சுட்டு, "கையுறைன்னு எழுதியிருக்கியே, சைஸையும் எழுது தம்பி"ன்னு சொன்னார். எழுதிட்டேன்.