பிரேக் இன்ஸ்பெக்டரும் எங்கப்பாவோட ஆர்எக்ஸ் 100ம்

பழைய பைக்கை ஆல்டர் பண்ணி ஓட்டறவங்க எல்லாருக்கும் ஒரு ராத்திரி தெரியும். மறுநாள் காலைல ஆர்.சி. ரினியூவலுக்கு ஆர்டிஓ ஆபீஸ்ல வண்டியைக் காட்டணும். முதல் நாள் ராத்திரி பரண்ல இருந்து சாக்கு மூட்டை இறங்கும். கம்பெனி சைலன்சர், கம்பெனி ஹேண்டில்பார், ரெண்டு கண்ணாடி, சாரி கார்டு எல்லாம் வெளிய வரும். தொலைச்சவங்க தெரிஞ்ச மெக்கானிக் கடையில இரவல் வாங்கிட்டு வருவாங்க. காலைல வண்டி கல்யாண மாப்பிள்ளை கணக்கா போய் நிக்கும். பிரேக் இன்ஸ்பெக்டர் பாத்துட்டு கையெழுத்துப் போடுவார். சாயங்காலமே எல்லாம் திரும்ப சாக்குக்குள்ள.

நானும் இந்தக் கூத்தை ரெண்டு தடவை ஆடியிருக்கேன். ரெண்டாவது தடவை நடந்ததைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. "ஆல்ட்ரேஷனே தப்பு"ங்கற கட்சியும் நான் இல்ல, "என் வண்டி என் இஷ்டம்"ங்கற கட்சியும் இல்ல. ஏன்னு சொல்றேன்.

விஷயம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. சொந்த உபயோகத்துக்கு வாங்கற டூவீலருக்கு ஆர்.சி. 15 வருஷம் செல்லும். அதுக்கு மேல அஞ்சு அஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். ஒவ்வொரு தடவையும் வண்டியை நேர்ல கொண்டு போகணும். சேசிஸ் நம்பரை பென்சிலால தேய்ச்சு எடுப்பாங்க. லைட்டு, ஹாரன், இண்டிகேட்டர், டயர், பிரேக், நம்பர் பிளேட்டு பாப்பாங்க. பின்னாடி உக்கார்றவங்க பிடிச்சுக்க கைப்பிடி இருக்கா, சாரி கார்டு இருக்கான்னும் பாக்கலாம். நம்ம பசங்க புது வண்டி வாங்கினதும் முதல்ல கழட்டி எறியற அந்த சாரி கார்டு, சட்டப்படி இருந்தே ஆகணும்.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

அப்பா 1994ல வாங்கின ஆர்எக்ஸ் 100. 98 சிசி, டூ ஸ்ட்ரோக், முன்னாடியும் பின்னாடியும் டிரம் பிரேக். காலேஜ் முடிச்சதும் அது என் கைக்கு வந்துச்சு. 2009ல முதல் ரினியூவல். அப்ப நான் பண்ணியிருந்த ஒரே அட்டூழியம் சைலன்சர்தான். லேத்து பட்டறையில தகரத்தை வளைச்சு பண்ணின சேம்பர். தெருமுனை திரும்பும்போதே வீட்ல அம்மா தோசைக்கல்லை அடுப்புல வெச்சுடுவாங்க, அவ்ளோ சத்தம். ரினியூவலுக்கு முதல் நாள் பழைய சைலன்சரை மாட்டினேன். பாஸ்.

மறு வருஷம் புத்தி இன்னும் கெட்டுச்சு. ஆர்எக்ஸ் 100 இன்ஜின்ல போர் 50 மில்லி, ஸ்ட்ரோக் 50 மில்லி. ஆர்எக்ஸ் 135ல போர் 58, ஸ்ட்ரோக் அதே 50. கணக்கு போட்டா 132 சிசி வரும். ஸ்ட்ரோக் ஒண்ணா இருக்கறதால, கிராங்க் கேஸ் வாயைக் கடைஞ்சு பெரிசாக்கினா அந்த பேரல் இதுல உக்காந்துடும். வெளிய இருந்து பாத்தா கைதேர்ந்த மெக்கானிக்கைத் தவிர யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரே ராத்திரியில மூணுல ஒரு பங்கு இன்ஜின் கூடிடுச்சு. அப்பாகிட்ட "ரிங்ஸ் மாத்தினேன்பா, அதான் நல்லா இழுக்குது"ன்னு சொன்னேன்.

பிரேக்கை மட்டும் மாத்தல. அது தோணவே இல்ல.

2012ல ஒரு நாள் சாயங்காலம், தூறல். தங்கச்சியை பஸ் ஸ்டாண்டுல இருந்து கூட்டிட்டு வரேன். ஸ்பீடோமீட்டர்ல 70. முன்னாடி போன லாரி படக்குன்னு பிரேக் அடிச்சான். நானும் அடிச்சேன். ஈரமான டிரம்மு பிடிக்கறதுக்கு ஒரு நொடி யோசிச்சுது, அந்த ஒரு நொடி போதும். எனக்கு முட்டியில சிராய்ப்பு. அவளுக்கு வலது மணிக்கட்டு உடைஞ்சுது. பிளேட் வெச்சாங்க. இன்னிக்கும் சப்பாத்திக்கு மாவு பிசையும்போது வலிக்குதும்பா. "பிரேக் பிடிக்கலையாடா?"ன்னு அப்பா கேட்டார். "மழைப்பா"ன்னேன். 98 சிசிக்காக வெச்ச பிரேக்கு அதுன்னு எனக்குத் தெரியும்.

குற்ற உணர்ச்சியில மறு வருஷம் ஒரு காரியம் பண்ணினேன். வேற ஒரு பைக்கோட ஃபோர்க், வீல், டிஸ்க் பிரேக் எல்லாத்தையும் முழு செட்டா எடுத்து முன்னாடி மாட்டினேன். ரெண்டு விரல்ல தொட்டா வண்டி நிக்கும். அதுவரைக்கும் அந்த வண்டிக்கு நான் பண்ணின ஒரே உருப்படியான வேலை அதுதான்னு நினைச்சேன்.

2014. ரெண்டாவது ரினியூவல். இந்தத் தடவை சைலன்சர், கண்ணாடி எல்லாம் கம்பெனிது மாட்டிட்டுப் போனேன். டிஸ்க்கை மட்டும் கழட்டல. நல்லதுதானேன்னு ஒரு நம்பிக்கை.

இன்ஸ்பெக்டர் வண்டியை ஒரு சுத்து சுத்தினார். நேரா முன் வீல் கிட்ட வந்து நின்னார்.

"தம்பி, இந்த வண்டிக்கு டிஸ்க் கிடையாதே?"

"சேஃப்டிக்காக மாத்தினேன் சார்."

"கம்பெனி கொடுத்தது என்னவோ அதுல கொண்டு வாங்க."

வீட்டுக்கு வந்தேன். டிஸ்க்கைக் கழட்டி டிரம்மை மாட்டினேன். மறுபடியும் போனேன். சேசிஸ் நம்பர் சரி, லைட்டு சரி, ஹாரன் சரி. பாஸ். உள்ள 132 சிசி பேரல் பத்திரமா இருந்துச்சு. அதை யாரும் கேக்கல.

அதாவது மக்களே, எந்த இன்ஜினும் எந்த பிரேக்கும் சேந்து என் தங்கச்சி கையை உடைச்சுதோ, அதே ஜோடிக்கு அஞ்சு வருஷத்துக்கு நல்ல வண்டின்னு முத்திரை கிடைச்சுது. திருத்திக்கிட்டது ஃபெயில், தப்பு பண்ணினது பாஸ். வாசல்ல டீ குடிச்சிட்டு நின்னப்ப எனக்கு சந்தோஷம் வரல, பயம்தான் வந்துச்சு.

இன்ஸ்பெக்டரைத் திட்டறதுக்காக இதை எழுதல. கையெழுத்து வாங்கும்போது கொஞ்சம் தைரியம் வந்து அவர்கிட்டயே கேட்டேன், "டிஸ்க்கு நல்லதுதானே சார்?"ன்னு. அவர் சொன்னார்: "நல்லதா இருக்கலாம். ஆனா அந்த வீலுக்கு நடுவுல போட்டிருந்தீங்களே ஒரு புஷ், அது என்ன மெட்டல்?"

எனக்குத் தெரியாது. பட்டறையில கிடந்த ஏதோ ஒரு ராடைக் கடைஞ்சு போட்டது. அது ஒரு நாள் வெடிச்சா முன் வீல் என்ன ஆகும்னு நான் யோசிச்சதே இல்ல. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் சொல்ல என்கிட்ட ஒரு காகிதமும் இல்ல. அதை சோதிச்சுப் பாத்து நல்லது கெட்டது சொல்ல அவருக்கும் ஒரு வழி இல்ல. என் வாதம் மொத்தமும் இந்த இடத்துலதான் இருக்கு.

சட்டம் என்ன சொல்லுது? மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்.சி.யில இருக்கற விவரம் கம்பெனி முதல்ல கொடுத்ததுக்கு மாறாப் போற மாதிரி வண்டியை மாத்தக்கூடாது. கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, மாத்தின ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபா அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லேன்னா ரெண்டும்.

ஆனா இதே சட்டத்துல கேஸ் கிட் மாட்ட வழி இருக்கு. மாற்றுத்திறனாளிகள் ஓட்ட வசதியா வண்டியை மாத்தவும் வழி இருக்கு. அங்கீகாரம் வாங்கி, ஆர்.சி.யில ஏத்திக்கிட்டா போதும். அப்போ மாத்தறதே பாவம்னு சட்டம் நினைக்கல. சோதிச்சுப் பாத்து எழுதி வெக்கலாம்னு அதுக்கே தெரிஞ்சிருக்கு. இன்னொண்ணும் பாருங்க. 2019 ஏப்ரல்ல இருந்து வர்ற புது பைக்குல 125 சிசிக்கு மேல இருந்தா ஏபிஎஸ், அதுவரைக்கும் சிபிஎஸ் கட்டாயம். நல்ல பிரேக்கு உயிரைக் காப்பாத்தும்னு அரசாங்கத்துக்கும் தெரியும். பழைய வண்டிக்காரன் அதைப் போட்டுக்க மட்டும் வாசல் இல்ல.

ஜெர்மனியில ரெண்டு வருஷம் ஆணி புடுங்கினப்ப இதுக்கு வேற ஒரு வழி பாத்தேன். அங்க பைக்குக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கட்டாய சோதனை. கூட வேலை பாத்த ஒருத்தர் ஹேண்டில்பார் மாத்தியிருந்தார். அதைக் காட்ட ட்யூஃப் சென்டருக்குப் போனப்ப நானும் தொத்திக்கிட்டேன். சோதிக்கறவர் ஹேண்டில்பார்ல குத்தியிருந்த நம்பரை சர்டிஃபிகேட்டோட ஒப்பிட்டார். ஹேண்டிலை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பி, பிரேக் ஹோஸ் இழுபடுதா, கேபிள் சிக்குதான்னு பாத்தார். ஓட்டிப் பாத்தார். அப்புறம் வண்டியோட பேப்பர்ல அந்த மாற்றத்தை எழுதற வேலை ஆரம்பிச்சுது. அவ்ளோதான். அதுக்கப்புறம் அது திருட்டு பார்ட் இல்ல, அந்த வண்டியோட பார்ட்.

அங்க மட்டும் எல்லாரும் உத்தமரான்னா, இல்ல. சைலன்சருக்குள்ள சத்தம் குறைக்கற டிபி கில்லரைக் கழட்டி வெச்சு ஓட்டிட்டு, சோதனை அன்னிக்கு மட்டும் மாட்டிட்டு வர்ற ஆளுங்க அங்கயும் உண்டு. ஆனா நல்ல மாற்றம் பண்றவன் ஒளிய வேண்டியதில்ல. நம்ம ஊர்ல எல்லா மாற்றமும் ஒரே சாக்குல ஒளியுது. டிஸ்க் பிரேக்கும் அதுலதான், காதைக் கிழிக்கற சைலன்சரும் அதுலதான்.

சைலன்சர் ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை. புது பைக்கு தயாரிக்கும்போது 80 சிசி வரை 75 டெசிபல், 175 சிசி வரை 77, அதுக்கு மேல 80ன்னு வரம்பு இருக்கு. நாம மாட்டற சேம்பர் இதையெல்லாம் எட்டி உதைச்சிட்டுப் போகும். பக்கத்து வீட்ல தூங்கற குழந்தைக்கு நம்ம ரசனை புரியாது. போலீஸ் சைலன்சர்களை ரோட்டுல வரிசையா அடுக்கி ரோடு ரோலர் ஏத்தும்போது ஜனம் கைதட்டுதுன்னா, அந்தக் கைதட்டலை சம்பாதிச்சுக் கொடுத்தது நாமதான். பிரேக்குக்கு வழி விடுங்கன்னு கேக்கப் போனா நம்மளை ஒருத்தரும் நம்பாததுக்கும் அதான் காரணம். சத்தமும் வேகமும்தான் வேணும்னா செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே மாதிரி டிராக் இருக்கு. அங்க போய் ஆசை தீர முறுக்குங்க.

சட்டம் மாறற வரைக்கும் என்ன பண்றது? எனக்கு நானே போட்டுக்கிட்ட மூணு விதி:

1. ஸ்பேனரால ஒரு மணி நேரத்துல திரும்ப மாத்த முடியாத எதையும் தொடறதில்ல. கேஸ் கட்டரும் வெல்டிங்கும் சேசிஸ் பக்கமே வரக்கூடாது.

2. இன்ஜின்ல ஒரு சிசி கூட ஏத்தறதில்ல. இன்ஸ்பெக்டர் கண்டுபிடிக்க மாட்டார்ங்கறது உண்மை. ஆனா ஆக்சிடென்ட் ஆனா இன்சூரன்ஸ்காரன் கண்டுபிடிக்கலாம். அவனும் விட்டாலும் ரோடு கண்டுபிடிச்சிடும்.

3. ரினியூவலுக்கு முதல் நாள் ஏதாவது கழட்டணும்னு தோணினா, அது ரினியூவல் முடிஞ்ச பிறகும் திரும்ப ஏறக்கூடாது.

2014ல அந்த முத்திரை வாங்கின வாரமே 132 பேரலை இறக்கிட்டேன். கிராங்க் கேஸைக் கடைஞ்சிருந்ததால பழைய பேரல் உக்காரல. வேற ஒரு கேஸ் தேடிப் பிடிச்சு, அதுக்கு நம்பர் விஷயத்தை ஆர்டிஓ ஆபீஸ்ல முறையா எழுதி வாங்கறதுக்குள்ள நுரை தள்ளிடுச்சு. பேரல் மாத்தின செலவை விட அதைத் திருப்பின செலவு அதிகம். புது பிரேக் ஷூ, நல்ல டயர், 98 சிசி, டிரம்மு. அறுபதுக்கு மேல போறதில்ல. அந்த டிஸ்க் செட்டு இன்னும் பரண்லதான் இருக்கு. ஒரு நாள் யாராவது அதை சோதிச்சு, அந்த புஷ்ஷைத் தூக்கி எறிஞ்சுட்டு ஒழுங்கா ஒண்ணு போடச் சொல்லி, ஆர்.சி.யில எழுதிக் கொடுத்தா மாட்டுவேன்.

2024ல நாலாவது ரினியூவல். முதல் நாள் ராத்திரி சாக்கு இறங்கல. வண்டியைத் துடைச்சேன், சாப்ட்டேன், படுத்தேன். காலைல கிளம்பும்போது தங்கச்சி ஊர்ல இருந்து வந்திருந்தா. "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரட்டுமா?"ன்னு கேட்டா. ஏறிக்கச் சொன்னேன்.

டிஸ்கி: டிஸ்க் மாட்டினவங்க, ஃபெயில் ஆனவங்க, முறையா எழுதி வாங்கின புண்ணியவான்கள் யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. "சேம்பர் எங்க கிடைக்கும்"னு கேக்கற தம்பிகளுக்கு, அது பழைய இரும்புக் கடைக்குப் போயாச்சு.