பெட்டிக்கும் பிரேக் வேண்டும்



அறுவடை தொடங்கிவிட்டால் அக்கரைப்பற்று–சாகாமம் வீதியில் உழவு இயந்திரங்களின் ஓட்டம் ஓய்வதில்லை. நெல் மூடைகள் பெட்டி நிறைய வரும். மூடைகளுக்கு மேலே வேலை முடித்த ஆண்களும் பெண்களும் அமர்ந்து வருவார்கள். ஹிங்குராணைப் பக்கம் கரும்பு வெட்டும் தோழர்களுக்கும் இந்தப் பெட்டி புதிதல்ல. மலையகத்தில் கொழுந்து ஏற்றும் பெட்டியில் தொற்றிக்கொண்டு மலைக்குப் போய்வரும் நம் சகோதரிகளுக்கும் இது பழகிப்போன பயணம்தான். பழகிப்போனதால் ஒரு கேள்வியை நாம் கேட்பதில்லை: ஓடிக்கொண்டிருக்கும் இந்தப் பெட்டியை நிறுத்துவது எது?

பல பெட்டிகளில் அதற்கென்று எதுவுமே இல்லை. இரண்டு சில்லு, ஒரு அச்சு, ஒரு தளம், ஒரு கொக்கி. அவ்வளவுதான். முன்னால் இழுக்கும் இயந்திரத்தின் பிரேக்கை நம்பியே பெட்டியும் அதில் இருக்கும் உயிர்களும் போகின்றன.

அந்த இயந்திரத்தின் பிரேக் எதற்காகச் செய்யப்பட்டது என்று பாருங்கள். நம்மிடையே ஓடும் பழைய நான்கு சில்லு உழவு இயந்திரங்களில் பிரேக் பின்சில்லுகளுக்கு மட்டுமே உண்டு. இடப்பக்கத்துக்கு ஒரு மிதி, வலப்பக்கத்துக்கு ஒரு மிதி. வயலின் மூலையில் சட்டென்று திரும்புவதற்காக அப்படி அமைத்தார்கள். வீதிக்கு ஏறும்போது இரண்டு மிதிகளையும் கொண்டியால் இணைக்கவேண்டும். இணைக்காமல் ஒன்றை மட்டும் மிதித்தால் இயந்திரம் அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். இரண்டு தொன் எடையுள்ள இயந்திரம், சுமையோடு நான்கு தொன் எடையுள்ள பெட்டியை இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தொன்னை நிறுத்த வந்த பிரேக் இப்போது ஆறு தொன்னை நிறுத்தவேண்டும். வேகம் மணிக்கு 20 கிலோமீற்றரிலிருந்து 40 ஆகக் கூடினால், பிரேக் பிடித்தபின் நிற்பதற்குத் தேவையான தூரம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகும். சாரதி பிரேக்கை அழுத்தியதும் இயந்திரம் தயங்கும், பெட்டி தயங்காது. பின்னாலிருந்து தள்ளும். வீதி ஈரமாகவோ மணலாகவோ வளைவாகவோ இருந்தால் இயந்திரத்தின் பின்பகுதியை ஒரு பக்கம் தள்ளி, மடக்குக் கத்தி மடிவதுபோல் இரண்டும் மடிந்துவிடும். அதன்பின் சாரதி எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அவன் கையில் எதுவும் இல்லை.

இதற்கு மாற்று இல்லையா? உண்டு. உலகம் அதைக் கண்டுபிடித்து நெடுங்காலமாகிவிட்டது. அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் கார்களும் பிக்கப்புகளும் இழுத்துச் செல்லும் நடுத்தர எடைப் பெட்டிகளில் மின்சார பிரேக் பரவலாக உண்டு. பெட்டியின் சில்லுக்குள் உள்ள பிரேக் டிரம்மில் ஒரு மின்காந்தம் இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் அது சுழலும் டிரம்மின் முகத்தில் ஒட்டும்; டிரம் அதை இழுத்துச் செல்லும்போது ஒரு நெம்புகோல் அசைந்து பிரேக் சூக்களை விரித்து சில்லைப் பிடிக்கும்.

எவ்வளவு மின்சாரம், எப்போது என்று தீர்மானிப்பது சாரதியின் முன்னால் பொருத்தப்பட்ட ஒரு சிறிய இலத்திரனியல் கருவி. சாரதி பிரேக்கை மிதித்ததும் பிரேக் விளக்கின் வயர் வழியாக அதற்குச் செய்தி போகும். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, முன்கூட்டியே வைத்த அளவுப்படி, வாகனம் எப்படி நின்றாலும் ஒரே மாதிரியாக மின்சாரத்தைக் கூட்டிக்கொண்டு போவது. மற்றது, வாகனம் எவ்வளவு வேகமாக வேகம் குறைகிறது என்பதைத் தானே உணர்ந்து, அந்த அளவுக்கே பெட்டியின் பிரேக்கையும் பிடிப்பது. மெல்ல மிதித்தால் மெல்ல, திடீரென மிதித்தால் பலமாக. சுமை கூடிக் குறைவதற்கு ஏற்பச் சாரதி பிடியின் பலத்தைத் திருகி மாற்றிக்கொள்ளலாம். பெட்டி ஆடத் தொடங்கினால், கையால் ஒரு பிடியை அழுத்தி பெட்டியின் பிரேக்கை மட்டும் தனியே பிடித்து அதை நேராக்கலாம்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. கொக்கி கழன்று பெட்டி தனியே ஓடினால், இயந்திரத்தோடு கட்டிய கம்பி ஓர் ஆணியை உருவிவிடும். உடனே பெட்டியிலேயே உள்ள பற்றரி அதன் பிரேக்கைப் பிடித்துவிடும். அவுஸ்திரேலியாவில் இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட பெட்டிக்கு இது சட்டப்படி கட்டாயம். அறுந்த பெட்டியின் பிரேக் குறைந்தது 15 நிமிடம் பிடித்து நிற்கவேண்டும். ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட பெட்டியைக் காரில் கட்டி இழுப்பதென்றால் அந்தப் பெட்டிக்குத் தனி பிரேக் இருக்கவேண்டும். அந்தப் பெட்டிகளில் மனிதர் ஏறுவதில்லை. வீட்டுச் சாமானும் படகும் குதிரையும்தான் போகின்றன. குதிரைக்குக் கிடைக்கும் பிரேக் நம் மக்களுக்குக் கிடைக்கவில்லை.

அதே கருவியை அப்படியே இறக்கி நமது பழைய உழவு இயந்திரங்களில் பூட்டுங்கள் என்று நாம் சொல்லவில்லை. சேற்றிலும் வாய்க்கால் நீரிலும் இறங்கும் பெட்டிக்கு எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கோ, கம்பியால் இழுபடும் சாதாரண பிரேக்கோ கூடப் பொருந்தும். இரண்டு சில்லு லேண்ட்மாஸ்டரின் பெட்டியைக் கவனித்திருப்பீர்கள். பலவற்றில் சாரதியின் காலடியில் பெட்டிச் சில்லுகளைப் பிடிக்கும் பிரேக் மிதி இருக்கிறது. சின்னப் பெட்டிக்குச் செய்ய முடிந்ததைப் பெரிய பெட்டிக்குச் செய்ய முடியாது என்று எவரும் நம்மிடம் சொல்லவேண்டாம். கருவி எதுவாயினும் கொள்கை ஒன்றுதான்: இழுபடும் சுமை தன்னைத் தானே நிறுத்தவேண்டும்.

பிரேக் மட்டும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதையும் நாம் மறக்கவில்லை. 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில், மதரஸா மாணவர்களை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துச் சென்றதை இந்தக் கரையோரம் எப்படி மறக்கும்? அன்று வந்தது வெள்ளம். எந்த பிரேக்கும் அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்காது. ஆனால் வேறு வாகனம் இல்லாத இடத்தில் சுமைப் பெட்டியே பஸ் ஆகிவிடுகிறது என்ற உண்மையை அந்த நாள் நமக்குக் காட்டியது. ஏறுகிறவன் ஆசைப்பட்டு ஏறுவதில்லை. வேறு வழியில்லாமல்தான் ஏறுகிறான்.

விபத்து நடந்தால் முதலில் பொலிஸ் நிலையத்துக்குப் போகிறவர் சாரதி. அவரும் தொழிலாளிதான். எத்தனை மூடை ஏற்றுவது, எத்தனை நடை ஓடுவது, தேய்ந்த பிரேக்கை எப்போது மாற்றுவது என்று தீர்மானிப்பது அவரல்ல. போடியாரோ, ஒப்பந்தக்காரரோ, தோட்ட நிர்வாகமோதான். தீர்மானிப்பவர் ஒருவர், தண்டனை பெறுபவர் இன்னொருவர் என்ற இந்த நிலையை நாம் ஏற்கமுடியாது.

வேலையின்போது நேரும் விபத்துக்கு நட்டஈடு பெறும் உரிமை 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி நமக்கு இருக்கிறது. 2022இல் வந்த திருத்தம் வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளையும் அதற்குள் கொண்டுவந்தது. பெட்டியிலிருந்து விழுந்தவர் “என் கவலையீனம்” என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் படுத்துக்கொள்ளக்கூடாது. பொலிஸ் முறைப்பாடு, வைத்தியசாலைத் துண்டு, கூட இருந்தவர்களின் பெயர் ஆகியவற்றை உடனே திரட்டிச் சங்கக் கிளைக்கு அறிவியுங்கள்.

நமது கோரிக்கைகள் இவை. தொழிலாளரை ஏற்றி இறக்க ஆசனமுள்ள வாகனம் வேண்டும். சுமைக்கு மேல் ஆளை ஏற்றும் வழக்கம் நிற்கவேண்டும். பொது வீதியில் ஓடும் ஒவ்வொரு பெரிய பெட்டிக்கும் தனி பிரேக்கும், கொக்கிக்குத் துணையாகப் பாதுகாப்புச் சங்கிலியும், பின்னால் எரியும் விளக்கும் வேண்டும். பிரேக் பழுதான இயந்திரத்தை ஓட்டமாட்டேன் என்று சொல்லும் சாரதிக்கு அன்றைய நாட்சம்பளம் குறையக்கூடாது.

அவை கிடைக்கும்வரை நம் கையில் உள்ளதை நாம் செய்வோம். சாரதித் தோழர்களே, வீதிக்கு ஏறுமுன் இரண்டு பிரேக் மிதிகளையும் இணையுங்கள். கொக்கி ஆணியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். இறக்கம் தொடங்குமுன்பே சின்ன கியருக்கு மாறுங்கள். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் ஒருபோதும் இறங்காதீர்கள். கொக்கிக் கம்பியிலும் மட்காட்டிலும் யாரையும், குறிப்பாகப் பிள்ளைகளை, உட்கார விடாதீர்கள்.

ஒவ்வொரு கிளையும் இந்த மாதக் கூட்டத்துக்கு முன் தம் பகுதியில் ஓடும் பெட்டிகளைச் சென்று பார்க்கட்டும். எத்தனை பெட்டி, எத்தனைக்கு பிரேக் உண்டு, எத்தனைக்கு விளக்கு உண்டு, எத்தனையில் நம்மவர்கள் ஏறுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். தொழில் திணைக்களத்தின் முன்னும் நிர்வாகத்தின் முன்னும் நாம் அந்தக் கணக்கோடு போய் உட்காருவோம்.