அழிந்த தலைநகரும் நம் அண்டை ஊர்களும்

மாவீரன் அலெக்சாந்தர் பிறந்த பெல்லா மாநகர் மாசிதோனியர்தம் தலைநகராகத் திகழ்ந்தது. கி.மு. 168-இல் உரோமரிடம் வீழ்ந்து, காலப்போக்கில் மண்மேடாயிற்று. 1957-இல் தொடங்கிய அகழாய்வே அந்நகரின் கூழாங்கல் ஓவியத் தளங்களை உலகறியச் செய்தது. நம் மாணவர் அந்நகரின் பெயரை மனப்பாடமாக ஒப்பிப்பர். துங்கபத்திரைக் கரையில் சிதைந்து கிடக்கும் அம்பியைப் பற்றி வினவினாலோ, ஒரே ஒரு தொடர்தான் விடையாக வருகிறது: "முசுலிம்கள் அழித்த இந்துத் தலைநகர்."

இத்தொடர் நம்மை உறுத்துகிறது. அம்பி நமக்குத் தொலைவிலுள்ள ஊரன்று. அங்கு அரசோச்சிய கிருட்டிணதேவராயர் (1509–1529) தெலுங்கில் இயற்றிய 'ஆமுக்தமால்யத', நம் திருவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வாரையும் ஆண்டாளையும் பாடும் காவியம். இராசபாளையத்தில் இன்றும் இல்லங்களில் தெலுங்கு பேசும் ராஜுக்கள், தம் முன்னோர் விசயநகரக் காலத்தில் தெற்கே வந்தவர் என்று கூறுவர். ஆகவே அம்பியின் கதையைப் பிழையாகச் சொன்னால் நம் ஊர்க்கதையும் பிழையாகிறது.

1565 சனவரியில் தலைக்கோட்டைப் போரில் வென்ற தக்காணச் சுல்தான்களின் படைகள் நகரைச் சூறையாடின. அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. விட்டலர் கோயிலில் தீயின் தழும்பு உண்டு. ஆயினும் விருபாட்சர் கோயில் பெரிதும் தப்பி இன்றளவும் வழிபாட்டில் உள்ளது. தோற்ற இராமராயரோ, இளமையில் கோல்கொண்டா சுல்தானிடம் பணியாற்றியவர். அவரை எதிர்த்து நின்ற இபுராகீம் குதுபுசா, அரியணை ஏறுமுன் ஏறத்தாழ ஏழாண்டுகள் விசயநகரத்திலேயே அடைக்கலம் புகுந்திருந்தவர். உப்பிட்டவரை மறந்த கதை என்று வேண்டுமானால் இதனைச் சொல்லலாம். சமயப்போர் என்று சொல்வதெங்ஙனம்? சுல்தான்களை ஒன்றுசேர்த்தது, அவர்களை ஒருவரோடொருவர் மோதவிட்ட இராமராயரின் சூழ்ச்சி மீது அவர்கள் கொண்ட அச்சமே என்பது நம் துணிபு.

இன்னொரு சான்று கல்லிலேயே நிற்கிறது. இரண்டாம் தேவராயரின் படையில் பணிபுரிந்த அகமதுகான் 1439-இல் அம்பியில் ஒரு பள்ளிவாசல் எழுப்பினார். அதன் கல்வெட்டு, மன்னருக்குப் புண்ணியம் உண்டாக அது கட்டப்பட்டதாகக் கூறுகிறது; அதனைத் 'தருமசாலை' என்றே குறிக்கிறது. 1443-இல் பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் வந்து, ஏழு மதில் சூழ்ந்த அந்நகரைக் கண்டு வியந்து எழுதிவைத்தார். இவ்விருவர் பெயரையும் நம் மாணவருள் எத்தனைபேர் கேட்டிருப்பர்?

ஆண்டுதோறும் கல்விச் சுற்றுலா என்றால் உதகையும் கொடைக்கானலுமே நினைவுக்கு வருகின்றன. வரும் ஆண்டில் தமிழ்த்துறையும் வரலாற்றுத்துறையும் இணைந்து அம்பிக்குச் செல்லட்டும். புறப்படுமுன் மாணவர் இராசபாளையம் சென்று, முதியோரிடம் அவர்தம் குடிவழிக் கதைகளைக் கேட்டு எழுதிவரட்டும். அவற்றை அறிந்தோர் ஆண்டுக்காண்டு அருகி வருகின்றனர்.