புயல் எச்சரிக்கையும் புதுக்கோட்டையும்

ஐப்பசி மாதம் பிறந்தால் தமிழ்நாட்டு ஜனங்களின் கண் வானத்தின் மீதும், காது சென்னை வானிலை நிலையத்தின் அறிக்கை மீதும் செல்வது வழக்கமாகிவிட்டது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஜில்லாவுக்கு ஒரு நிறம் சூட்டப்படுகிறது. நிறம் தெரிந்ததும் வீட்டுக்கு வீடு எழும் கேள்வி, நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்பதே. கலெக்டர் விடுமுறை அறிவித்துவிட்டால் எச்சரிக்கையின் பயன் அத்துடன் முடிந்தது என்று ஜனங்களும் எண்ணுகிறார்கள், அதிகாரிகளும் எண்ணுகிறார்கள். இந்த எண்ணம் எவ்வளவு பெரிய நஷ்டத்துக்கு இடங்கொடுக்கும் என்பதைப் புதுக்கோட்டை ஜில்லா 2018-ஆம் ஆண்டில் பட்டுத் தெரிந்துகொண்டது. அந்தப் பாடத்தைப் பருவமழைக்கு முன் நினைவூட்டுவது நமது கடமையென்று கருதுகிறோம்.

அவ்வாண்டு நவம்பர் 11-ந் தேதி வங்காள விரிகுடாவில் உருவான புயலுக்குக் கஜா என்று பெயர். பெயரைக் கொடுத்தது இலங்கை. கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே அது கரையைக் கடக்கும் என்று வானிலை இலாகா முன்னதாகவே கூறிற்று. பலத்த காற்றுக்கு உட்படக்கூடிய ஜில்லாக்களின் வரிசையில் புதுக்கோட்டையின் பெயரும் இருந்தது. நவம்பர் 16-ந் தேதி வெள்ளிக்கிழமை, நள்ளிரவு கழிந்தபின், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே புயல் கரையேறிற்று. ஆகவே எச்சரிக்கை வரவில்லை என்று எவரும் சொல்வதற்கில்லை. வந்தது, பெரும்பாலும் சரியாகவே வந்தது. அப்படியிருந்தும் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் முதலிய ஊர்களின் ஜனங்கள் ஒன்றும் அறியாதவர்களைப் போல அகப்பட்டுக்கொண்டது ஏன்? இதுவே நாம் ஆராய வேண்டிய விஷயம்.

சர்க்காருக்குச் சேரவேண்டிய புகழை முதலில் கொடுத்துவிடுவோம். புயல் கரையேறுமுன் 80,000-க்கு மேற்பட்ட ஜனங்கள் தாழ்ந்த பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு முகாம்களில் தங்கவைக்கப்பட்டார்கள். மீனவர்கள் கடலுக்குச் செல்லாமல் தடுக்கப்பட்டார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது, பிரயாணிகளோடு ரயிலொன்று அலையில் மூழ்கியதை நம் முதியோர் மறக்கவில்லை. ஒடிசாவில் 1999-ஆம் ஆண்டுப் புயல் சுமார் 10,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதே மாகாணத்தை 2013-இல் பைலின் புயல் தாக்கியபோது, முன்கூட்டியே லட்சக்கணக்கானவர்கள் அப்புறப்படுத்தப்பட்டதனால் மாண்டவர் தொகை நூறைக்கூட எட்டவில்லை. கரையோரத்தில் உயிரைக் காக்கும் வித்தையை இந்தியா கற்றுக்கொண்டுவிட்டது என்பதில் ஐயமில்லை. கஜா வந்த மறுநாள் எதிர்க்கட்சியினரும் முன்னேற்பாடுகளைப் பாராட்டினார்கள்.

ஆனால் அந்தப் பாராட்டு அடங்குமுன்பே உள்நாட்டிலிருந்து வேறு குரல் எழுந்தது. ஜில்லாக்கள் பலவற்றில் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். மின்சாரக் கம்பங்கள் ஒரு லட்சத்துக்கு மேல் சாய்ந்தன. புதுக்கோட்டையின் கிழக்குத் தாலுகாக்களில் தென்னையும் பலாவும் வாழையும் ஒரே இரவில் தரைமட்டமாயின. அப்பகுதியில் குடிநீர் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீர். மின்சாரம் நின்றதும் குடிநீரும் நின்றது. வழியெங்கும் மரங்கள் விழுந்து கிடந்தமையால் உதவி வர நாளாயிற்று. ஜனங்கள் சாலையில் அமர்ந்து மறித்தார்கள். கொத்தமங்கலத்தில் சர்க்கார் வாகனங்கள் கொளுத்தப்பட்டன. பலாத்காரத்தை நாம் ஒருகாலும் ஆதரிப்பதற்கில்லை. எனினும், குடிக்கத் தண்ணீரின்றி இருட்டில் நாட்களைக் கழித்த ஜனங்களின் கோபம் எங்கிருந்து பிறந்தது என்பதை விசாரியாமல் வழக்குத் தொடர்வது மாத்திரம் ராஜ்ய நிர்வாகம் ஆகாது.

இதற்கு மூலகாரணம் ஒரு தவறான நினைப்பு. புயல் என்றால் அது கடற்கரையின் சங்கதி, கரையைக் கடந்துவிட்டால் தீர்ந்தது என்பதே அந்த நினைப்பு. புதுக்கோட்டையில் இது வேரூன்றியிருப்பதற்குச் சரித்திர காரணமும் உண்டு. 1948 மார்ச்சில் இந்தியாவுடன் இணைந்த பழைய சமஸ்தானத்துக்குக் கடற்கரை கிடையாது. 1974-இல் தனி ஜில்லா அமைந்தபோதுதான் தஞ்சை ஜில்லாவிலிருந்து அறந்தாங்கிப் பக்கத்து நாடும் மணமேல்குடிக் கரையும் அதனுடன் சேர்ந்தன. மழை இல்லையே என்று ஏங்கிக் கண்மாயைப் பார்த்திருக்கும் நாடு அது. காற்றுக்கு அஞ்சிய பழக்கம் அதற்கு இல்லை.

புயலோ தாலுகா எல்லையைப் பார்த்து நிற்பதில்லை. கடலின் வெப்பத்தையும் ஈரத்தையும் உண்டு அது வளர்கிறது. நிலத்தில் ஏறியதும் அந்த உணவு அற்று மெலிகிறது. ஆனால் மெலிவதற்கு நேரம் வேண்டும். வேதாரண்யத்திலிருந்து மேற்கே பார்த்தால் காற்றைத் தடுக்க மலையில்லை. கஜா விரைந்து சென்ற புயல். ஆகையால் பலம் குறைவதற்குள் தோப்புகளை அடைந்துவிட்டது. காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். மழையில் இளகிய மண்ணில், காயும் மட்டையும் சுமந்து நிற்கும் தென்னை அந்த விசையை எப்படித் தாங்கும்? 2024 நவம்பர் 30-ந் தேதி சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையைக் கடந்தது. அதன்பின் கடலுக்கு வெகுதூரத்திலுள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. கரையைக் கடந்தது என்ற செய்தி ஆறுதல் செய்தியன்று என்பதற்கு இதற்கு மேலும் சான்று வேண்டுமா?

எச்சரிக்கை காலத்தில் எட்டாவிட்டால் என்ன நேரும் என்பதை 2017-ஆம் ஆண்டு ஒக்கிப் புயலில் கன்னியாகுமரி மீனவர்கள் கண்டார்கள். ஆழ்கடலுக்குச் சென்றிருந்தவர் பலர் திரும்பவேயில்லை. எச்சரிக்கை காலத்தில் எட்டியும் அதற்கேற்ற காரியம் நடவாவிட்டால் என்ன நேரும் என்பதை மறு ஆண்டு புதுக்கோட்டை விவசாயிகள் கண்டார்கள். முதற்குறையை நீக்க விஞ்ஞானம் பாடுபட்டு வருகிறது. ஜில்லாவாரியாகக் காற்றின் வேகமும், அதனால் விளையக்கூடிய சேதமும் இப்பொழுது முன்னறிவிக்கப்படுகின்றன. இரண்டாவது குறை விஞ்ஞானிகளுடையதன்று. அது நிர்வாகத்தைச் சேர்ந்தது. எச்சரிக்கை என்பது ஜனங்களை வீட்டுக்குள் இருக்கச் சொல்லும் உத்தரவு மாத்திரமன்று. சர்க்கார் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் வாக்குறுதியும் ஆகும். காற்று வருகிறது என்று அறிவித்த கணத்திலிருந்து, அந்தக் காற்றை எதிர்கொள்ளும் பொறுப்பும் அதைச் சேர்ந்துவிடுகிறது.

ஆகையால் நாம் வற்புறுத்துவன இவை. வானிலை அறிக்கை வந்தவுடன் தாலுகா அலுவலகம் அதனைக் கிராமத்தார் செய்யவேண்டிய வேலையாக மாற்றிச் சொல்லவேண்டும். தென்னையில் முற்றிய காய்களையும் அடிமட்டைகளையும் இறக்குவது, வாழைக்கு முட்டுக்கொடுத்து மண் அணைப்பது, பலாவின் பாரமான கிளைகளைக் கழிப்பது ஆகியவற்றை விவசாய நிபுணர்கள் கூறிவருகிறார்கள். இவை ஒரு நாளில் முடியும் வேலைகளல்ல; மரமேறுவோர் கிடைப்பதும் அரிது. எனவே நிறம் சிவப்பாகும்வரை காத்திராமல், நான்கு நாட்களுக்கு முன்பே கூலிக்கும் ஆளுக்கும் ஏற்பாடு செய்யவேண்டும். கம்பங்களும், மரம் அறுக்கும் கருவிகளும், குடிநீர் மோட்டாரை இயக்க ஜெனரேட்டர்களும் புயலுக்கு முன்னரே ஆலங்குடியிலும் அறந்தாங்கியிலும் வந்து சேர்ந்திருக்க வேண்டும். தென்னை இன்ஷூரன்ஸ் திட்டம் காகிதத்தில் இருந்து பயனில்லை. பருவமழைக்கு முன் தோப்புத் தோப்பாகச் சென்று மரங்களைப் பதிவு செய்யவேண்டும். கஜாவுக்குப் பின் சர்க்கார் விழுந்த தென்னை ஒன்றுக்குக் கொடுத்தது, வெட்டி அப்புறப்படுத்தும் செலவு உட்பட 1,100 ரூபாய். கன்று நட்டு ஏழெட்டு ஆண்டுகள் காத்திருக்கவேண்டிய குடும்பத்துக்கு இது எத்தனை நாளைக்குக் காணும் என்பதை வாசகர்களே கணக்கிடலாம்.

தேச ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. புயலடித்த மறுநாள் அரிசியும் துணியும் கொண்டு ஓடுவதில் நமது வாலிபர்கள் எவருக்கும் பின்வாங்கியவர்களல்லர். எந்தக் கட்சியைச் சேர்ந்தவர்களானாலும், அதே கால்கள் புயலுக்கு முந்திய நாள் கிராமத்துக்குச் செல்லட்டும். அறிக்கையைப் படித்து விளக்கட்டும். முதியோரையும் குடிசைவாசிகளையும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு அழைத்து வரட்டும். தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கட்டும். தாலுகா அலுவலகத்துக்குச் சென்று, கம்பமும் ஜெனரேட்டரும் வந்தனவா என்று கேட்கட்டும். கேட்பார் உள்ள இடத்தில்தான் உத்தியோகஸ்தரும் விழித்திருப்பார்.

காற்றை நிறுத்தும் சக்தி எந்தச் சர்க்காருக்கும் இல்லை. அது வரும் நாளை அறிந்துகொள்ளும் சக்தி நமக்கு வாய்த்திருக்கிறது. அறிந்தும் ஆயத்தமில்லாதிருந்தால், அடுத்த முறை கீரமங்கலத்துத் தோப்புகள் சாயும்போது விதியின் மேல் பழியைப் போட நமக்கு உரிமையில்லை.